அரசதந்திரமா, தூதாண்மையா? தகடூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு கலைச்சொல்

தருமபுரி, வரலாற்று ஆசிரியை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரியின் பழைய நூலகக் கட்டடத்தில் இரண்டு அறைகளைக் கேட்டுப் பெற்று, நாடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்ட வரலாற்றையும் அப்பேச்சு இன்று நடைபெறும் முறையையும் காட்டும் சிறிய அருங்காட்சியகம் ஒன்றை மாணவர்களோடு சேர்ந்து அமைத்து வருகிறேன். வாஷிங்டனில் அமெரிக்க வெளியுறவுத் துறைக் கட்டடத்தை ஒட்டி இப்பொருளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. உலகத் தலைவர்கள் பலர் கையெழுத்திட்ட பெர்லின் சுவர்த் துண்டு ஒன்று அங்கே நிற்கிறது. எங்களிடம் அத்தகைய அரும்பொருள் எதுவும் இல்லை. படிகளும் நிலப்படங்களும் விளக்கப் பலகைகளும்தான் உள்ளன. ஆனால் எங்களுக்கு இடம் வாய்த்திருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி தொண்டைமானிடம் ஔவையாரைத் தூது அனுப்பியது அன்று தகடூர் எனப்பட்ட இந்தத் தருமபுரியிலிருந்துதான். முதல் பலகை அதுவே. அதன்பின் எகிப்தின் அமர்னாவில் 1887-இல் கிடைத்த களிமண் மடல்கள், கதேசுப் போருக்குப் பிறகு எகிப்தியரும் ஹிட்டைட்டுகளும் செய்துகொண்ட உடன்படிக்கை, நம் பகுதியான பாரமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் சேர்த்த 1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை, இரண்டாம் அறையில் தூதர்களின் உரிமைகளை வகுத்த 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை என்று வரிசை செல்கிறது.

பலகைகள் வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். டிப்ளமசி என்ற சொல்லுக்கு ஒரு மாணவர் 'ராஜதந்திரம்' என்றும், இன்னொருவர் 'வெளியுறவு' என்றும், மூன்றாமவர் இணையத்தில் கண்ட 'பண்ணுறவாண்மை' என்றும் எழுதி வந்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையிலும் ஏனைய பலகைகளிலும் ஒரே சொல்லாக நிற்க வேண்டும். அடைமொழியாகவும் வர வேண்டும். வியன்னா உடன்படிக்கையின் 27-ஆம் உறுப்பு, திறக்கவோ தடுத்து வைக்கவோ கூடாது என்று காக்கும் தூதரக அஞ்சல் பைக்கும், 29-ஆம் உறுப்பு தூதரின் உடலுக்கும் மதிப்புக்கும் தரும் பாதுகாப்புக்கும் அச்சொல்லிலிருந்தே பெயர் அமைய வேண்டும். உங்கள் கருத்தை வேண்டுகிறேன்.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, தங்கள் முயற்சி தழைக்கட்டும். 'தூதாண்மை' என்று ஆளுமாறு பரிந்துரைக்கிறேன்.

இக்கலைக்கு வள்ளுவர் அமைச்சியலில் ஓர் அதிகாரமே, 69-ஆம் அதிகாரத்தை, ஒதுக்கி அதற்குத் 'தூது' என்றே பெயரிட்டார். 'அன்பறிவு ஆராய்ந்த சொல்வன்மை' என்று அவர் எண்ணும் மூன்றில் அன்புதான் முதலில் நிற்கிறது. சூழ்ச்சிக்கு அங்கே இடமே இல்லை. பரிமேலழகர் இன்னும் ஒருபடி மேலே சென்று, தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் எனத் தூதரை இருவகைப்படுத்துகிறார். முழு அதிகாரத்துடன் உடன்படிக்கை பேசச் செல்பவருக்கும், கொடுத்த செய்தியை ஒப்பித்துத் திரும்புபவருக்கும் இன்றைய வெளியுறவு நூல்கள் காட்டும் வேறுபாடும் இதுவே. தொல்காப்பியர் 'ஓதல் பகையே தூதிவை பிரிவே' என்று தலைவன் பிரியும் காரணங்களுள் ஒன்றாகவே தூதை வைத்து, அடுத்து 'ஓதலும் தூதும் உயர்ந்தோர் மேன' என்று அதன் தகுதியையும் சொல்லிவிட்டார். இவ்வளவு வளம் நம்மிடம் இருக்கையில் ராஜதந்திரம் என்று எழுதி அரசையும் தந்திரத்தையும் கூட்டுவது எதற்கு?

'தூது' என்று தனியே வைத்தால் நெஞ்சையும் தமிழையும் காதலனிடம் அனுப்பிய சிற்றிலக்கியம் நினைவுக்கு வரும். ஆதலால் '-ஆண்மை' சேர வேண்டும். 'தாளாண்மை என்னும் தகைமைக்கண் தங்கிற்றே வேளாண்மை என்னும் செருக்கு' என்னும் 613-ஆம் குறளை நோக்குக. ஆளுதல் என்னும் பொருளில் அந்த ஈறு இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. தூது என்ற வேரோ அதனினும் பழையது. தூவு, தூற்று என்பவற்றோடு ஓர் இனமாய்ப் பரப்புதல் என்னும் பொருளில் பிறந்த தனித்தமிழ்ச் சொல் என்பது என் துணிபு.

ஓசூர், நாளிதழ் மொழிபெயர்ப்பாளர்:

பெரியவர் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் நாள்தோறும் செய்தி மொழிபெயர்ப்பவன் என்ற முறையில் மறுக்க வேண்டியிருக்கிறது. 'இரு நாடுகளும் ராஜதந்திர உறவை முறித்துக்கொண்டன' என்று எழுதினால் தேநீர்க்கடையில் நாளிதழ் படிப்பவருக்கு விளங்கிவிடும். இலங்கைத் தமிழரும் இராஜதந்திரி என்றே எழுதுகின்றனர். கடல் கடந்தும் பொதுவாய் இருக்கும் ஒரு சொல்லை நாமே ஏன் கைவிட வேண்டும்? வடசொல் உறுத்தினால் 'அரசதந்திரம்' என்று வையுங்கள். அதற்குமேல் விலகினால் பலகை முன் நிற்பவர் அகராதியைத் தேட வேண்டியிருக்கும்.

தந்திரம் என்றாலே வஞ்சகம் என்று கொள்வதும் பொருந்தாது. திருமூலர் தம் நூலை ஒன்பது தந்திரங்களாக வகுத்தார். அங்கே அச்சொல்லுக்கு நூற்பகுதி என்பதே பொருள்.

பொருள் அளவிலும் ஒரு தடை உண்டு. தூது என்பது செல்வதும் சொல்வதும் மட்டுமே. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். திப்பு தம் நாட்டில் ஏறக்குறையப் பாதியையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் தர இசைந்து, தம் புதல்வர் இருவரைக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிசிடம் பிணையாக அனுப்பினார். பிணையும் பணமும் எல்லையும் பேசிய அந்தப் பேரத்தைத் தூது என்ற சிறு கூட்டுக்குள் அடைக்க முடியாது. (திப்புவின் சார்பில் பேசச் சென்றவர்களுக்கு அக்காலப் பெயர் வக்கீல். இன்று அச்சொல்லைக் கறுப்பு அங்கிக்கு மட்டுமே வைத்திருக்கிறோம். அந்தப் பலகையில் இச்செய்தியைக் கட்டாயம் சேர்க்க வேண்டுகிறேன்.)

எங்கள் ஊரில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகள். தெலுங்கர் 'தௌத்யம்' என்கிறார்கள், அது தூதிலிருந்து பிறந்தது. தூதரை 'ராயபாரி' என்கிறார்கள். கன்னடர் அக்கலையை 'ராஜதாந்திரிகதெ' என்கிறார்கள். ஆக, அக்கம்பக்கத்திலும் இரண்டு வழக்கும் உண்டு.

அரூர், பொறியாளர்:

தூது தனித்தமிழ் என்ற கூற்றை அப்படியே விட்டுவிட இயலாது. ரிக் வேதம் அக்கினியைத் 'தூத' என்று அழைக்கிறது. அசோகரின் 13-ஆம் பாறைக் கட்டளை, தம் தூதர் செல்லாத நாடுகளைப் பற்றிப் பேசும் இடத்திலும் இதே சொல்தான். அவருடைய 2-ஆம் கட்டளை, சோழர் பாண்டியரோடு சதியபுதரையும் எல்லைக்கு அப்பாலுள்ள அயலார் எனக் குறிக்கிறது. திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழி (தமிழ்ப் பிராமி) கல்வெட்டில் 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என்றிருப்பதால், அந்த அயலார் நம் தகடூர் மரபினர் என்பது தெளிவாகிறது. ஔவையார் பலகைக்கு அருகிலேயே இக்கல்வெட்டின் படியை வைக்க வேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். டிப்ளமசி கிரேக்க 'டிப்ளோமா'விலிருந்து வந்தது. இரண்டாக மடித்த ஆவணம் என்பது அதன் பொருள். மடித்த ஆவணத்துக்குத் தமிழில் சொல் இல்லையா? முடங்கு என்றால் வளை, மடங்கு. முடங்கல் என்றால் சுருட்டிய ஓலை. கோசிகன் வழியாகக் கோவலனுக்கு மாதவி அனுப்பியது, களிமண் இலச்சினை இட்ட 'மண்ணுடை முடங்கல்'. கிரேக்கன் கண்ட அதே வழியில் நம் முன்னோரும் சொல் கண்டிருக்கையில், 'முடங்கலியல்' என்பதே வேரோடு பொருந்தும். களிமண்ணில் எழுதி அனுப்பிய அமர்னாவின் பழைய அயலகக் கடிதங்களும் அருகே இருக்கும்போது இச்சொல் எவ்வளவு அழகாக அமையும் என்று எண்ணிப் பாருங்கள்.

குழுப் பொறுப்பாளர்:

தூது வடசொல்லா தென்சொல்லா என்ற ஆய்வைத் தனி இழைக்கு மாற்றுமாறு வேண்டுகிறேன். ஆசிரியைக்கு நான்கு நாள்களே உள்ளன.

பாலக்கோடு, பள்ளி ஆசிரியர்:

ஒன்பதாம் வகுப்பில் இச்சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் எதைப் பற்றியதாக இருக்கும் என்று மாணவர்களைக் கேட்டேன். முடங்கலியலுக்குப் பெரும்பாலோர் கை கால் முடங்கும் நோய் பற்றிய படிப்பு என்றனர். அரூர் நண்பர் வருந்தக் கூடாது. முடக்கம் என்ற சொல்லை அவர்கள் அப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். பண்ணுறவாண்மையில் 'பண்ணுற' வரை படித்து, 'செய்யுற' என்பது போலக் கொண்டு நின்றுவிட்டனர். பண் தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்ததால் இரட்டியது என்று விளக்கிய பிறகே பிரித்தனர். ஒரு பெயர்ப்பலகைக்கு அவ்வளவு விளக்கம் தாங்காது.

ராஜதந்திரம் அனைவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் என்ன தெரிந்திருந்தது என்பதுதான் என்னைக் கவலையில் ஆழ்த்தியது. 'ஏமாற்றி ஜெயிக்கிறது', 'மந்திரி பண்ற வேலை' என்றார்கள். புரிகிறது என்று ஓசூர் ஐயா சொல்வது உண்மை. தவறாகப் புரிகிறது என்பதும் உண்மை. சண்டையை நிறுத்தப் பேசுவதைக் காட்டும் இடத்தின் வாசலில் அந்த எண்ணத்தோடு பிள்ளைகள் நுழைய வேண்டாம் என்பதே என் கருத்து.

தூதாண்மையைப் பார்த்து, 'தூது போறது பத்தி' என்றார்கள். எனக்கு அது போதும்.

கிருஷ்ணகிரி, தமிழ்ப் பேராசிரியை:

எனக்கு அது போதவில்லை.

தமிழாசிரியர் ஐயா 613-ஆம் குறளை எடுத்துக்காட்டினார். அடுத்த குறளையும் படிக்க வேண்டுகிறேன்: 'தாளாண்மை இல்லாதான் வேளாண்மை பேடிகை வாளாண்மை போலக் கெடும்.' ஆளுதல் என்று ஐயா கூறும் அதே ஈற்றின் பக்கத்தில் பேடியை நிறுத்தி, வாளை ஆளுதல் ஆணுக்கே உரியது என்ற குரலும் ஒலிக்கிறது. வள்ளுவர் காலத்திலேயே அவ்வொலி கலந்திருந்தது என்றால், இன்று ஆண்மை என்ற சொல்லைச் சுவர் விளம்பரங்களில் படித்து வளர்ந்த பெண்பிள்ளைகளின் காதில் என்ன விழும்?

இது எந்த அருங்காட்சியகமாக இருந்தாலும் நான் இவ்வளவு வாதிட மாட்டேன். ஆனால் இதன் முதல் பலகையில் நிற்பவர் ஒரு பெண். அதியமான் தூது விடச் சென்ற அவருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்று புறநானூற்று 95-ஆம் பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. உன் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல்மனையில் இருக்கின்றன. எங்கள் கோமான் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் அவர். போரை விரும்பியவனை அவனுடைய கொட்டிலிலேயே, அவன் படையைப் புகழ்வது போன்ற சொற்களால் எச்சரித்தார். அவர் ஆண்டது எந்த ஆண்மையை? 'தூதுநெறி' என்று வையுங்கள். சிறு பிள்ளைக்கும் விளங்கும். ஒழுக்கமும் முறையும் அதற்குள் அடங்கும்.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மையாரின் மனத்தாங்கலை உணர்கிறேன். இலக்கணம் மட்டும் சொல்வேன். 'மெலி மேவின் னணவும்' என்னும் நன்னூல் விதிப்படி நாள் என்பது மீனோடு சேர்ந்து நாண்மீன் ஆனது போல ஆள் என்பது மை ஏற்று ஆண்மை ஆயிற்று. ஆண் என்னும் சொல்லிலிருந்து வந்த ஆண்மை வேறு. வேளாண்மையைப் பெண்கள் செய்யும்போதும் மேலாண்மையைப் பெண்கள் படிக்கும்போதும் எவரும் தயங்கவில்லை.

'தூதுநெறி' ஒழுக்க விதியைக் குறிக்கும், தொழிலைக் குறிக்காது. 'தூதுநெறிப் பை' என்றால் பைக்கு என்ன நெறி என்று கேட்பார்கள்.

ஓசூர், நாளிதழ் மொழிபெயர்ப்பாளர்:

பாலக்கோடு நண்பரின் வகுப்பு என்னை அசைத்துவிட்டது. என் நாளிதழில் ராஜதந்திரம் என்றே தொடர்ந்து எழுதுவேன். அருங்காட்சியகத்துக்குத் தூதாண்மையை எதிர்க்கவில்லை. முதல் பலகையிலாவது பழக்கமான சொல்லை ஒருமுறை குறிப்பிடுங்கள்.

தருமபுரி, வரலாற்று ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாணவர்களோடு உட்கார்ந்து இவ்வளவையும் படித்தோம். பெரும்பான்மையோர் தூதாண்மை என்றனர். மூவர் தூதுநெறியை விடவில்லை. பெயர்ப்பலகையிலும் இரண்டாம் அறையிலும் 'தூதாண்மை' என்று இடுகிறோம். தூதாண்மைப் பை, தூதாண்மை விலக்குரிமை என்று அடைமொழியும் தடையின்றி அமைகிறது. நுழைவாயில் விளக்கத்தில், இது ராஜதந்திரம் என்றும் வழங்கும் என ஒரு வரி இருக்கும். அமர்னா மடல்களின் பலகைக்கு 'முடங்கல்கள்' என்ற தலைப்பை எடுத்துக்கொண்டோம். ஸ்ரீரங்கப்பட்டணப் பலகையில் வக்கீல் இடம் பெறுகிறார். ஜம்பைக் கல்வெட்டின் படியையும் சேர்க்கிறோம்.

ஔவையார் பலகையில் மட்டும் தூதாண்மை என்ற சொல் வராது. அங்கே 'தூது' என்று மட்டுமே இருக்கும். பேராசிரியை அம்மாவின் மடலைப் படித்த பிறகு என்னால் வேறு விதமாக எழுத முடியவில்லை. பெயர்ப்பலகையின் வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். நாளை மாலைக்குள் பிழை இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

கிருஷ்ணகிரி, தமிழ்ப் பேராசிரியை:

ஔவையார் பலகைக்கு நன்றி, அம்மா. இச்சொல்லை நான் ஏற்கவில்லை; என் வகுப்பில் தூதுநெறி என்றே சொல்லிக் கொடுப்பேன். ஆயினும் நீங்கள் இணைத்துள்ள வரைவில் 'தகடூர் தூதாண்மை அருங்காட்சியகம்' என்று இருக்கிறது. வேற்றுமைத் தொகை ஆதலால் அங்கே வல்லினம் மிகும். 'தகடூர்த் தூதாண்மை' என்று ஒற்றிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.