ஒரே யுஎஸ்பி பிரிண்டர்: விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலிருந்தும் அச்சடிக்க என்ன வழி?

மண்டபம்_கரைவீடு கேட்டது:

வணக்கம் அண்ணன்மாரே. வீட்டில் இருப்பது ஹெச்பி லேசர்ஜெட் 1020 பிளஸ். யுஎஸ்பி மட்டும்தான், வைஃபை, லேன் எதுவும் கிடையாது. இப்போது விண்டோஸ் 11 புரோ போட்ட டெஸ்க்டாப்பில் செருகி, ஷேர் கொடுத்திருக்கிறது. மற்றவை: லினக்ஸ் மின்ட் போட்ட பழைய லேப்டாப், எம்1 மேக்புக் ஏர், இரண்டு ஆண்ட்ராய்டு போன்.

மின்ட்டில் பிரிண்டரைச் சேர்க்கும்போது பயனர் பெயர், பாஸ்வேர்டு திரும்பத் திரும்பக் கேட்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் மெயில் ஐடி, பின் நம்பர் இரண்டையும் கொடுத்தாலும் ஏற்கவில்லை. மேக்கில் பிரிண்டர் சேர்ந்துவிடுகிறது, ஆனால் அனுப்பிய வேலை "அடையாளச் சரிபார்ப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டது" என்று வரிசையிலேயே நிற்கிறது. போனில் பிரிண்டரே தெரியவில்லை.

ரூட்டரின் பின்னால் ஒரு யுஎஸ்பி துளை இருக்கிறது. அதில் செருகினால் போதுமா, புது வைஃபை பிரிண்டர்தான் வாங்க வேண்டுமா? கரண்ட் அடிக்கடி போகும் இடம், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

பாம்பன்_வடக்குவாடி பதில்:

புது பிரிண்டர் வேண்டாம். ரூட்டர் துளையும் வேண்டாம், 1020-க்கு அது ஒத்துவராது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

1020-க்குப் பக்கத்தைத் தானே வரையத் தெரியாது. உள்ளே 2 எம்பி நினைவகம்தான். கணினிதான் முழுப் பக்கத்தையும் புள்ளிபுள்ளியாக வரைந்து, அந்த பிரிண்டருக்கே உரிய வடிவத்தில் தள்ள வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதன் ஃபர்ம்வேரை (பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருள்) கணினி ஏற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் அது அழிந்துவிடும். ரூட்டர் இந்த இரண்டையும் செய்யாது, வருவதைத் தள்ளிவிடுவதோடு சரி. அதனால்தான் ரூட்டரில் மாட்டிய 1020 விளக்கு எரிந்தபடியே சும்மா உட்கார்ந்திருக்கும்.

விண்டோஸ் ஷேரிங்கில் என்ன சிக்கல் என்றால், பக்கத்தை வரையும் வேலை அனுப்புகிற கணினியின் தலையில் விழுகிறது. மின்ட்டுக்குத் தனி 1020 டிரைவர், மேக்குக்குத் தனி டிரைவர், அதற்கு மேல் எஸ்எம்பி (விண்டோஸின் நெட்வொர்க் பகிர்வு முறை) பாஸ்வேர்டு. போனுக்கு வழியே இல்லை.

பிரிண்டரை மின்ட் லேப்டாப்புக்கு மாற்றுங்கள். லினக்ஸில் அச்சு வேலையைப் பார்ப்பது கப்ஸ். 1999-ல் வந்தது, 2002-ல் ஆப்பிளும் மேக்கில் எடுத்துக்கொண்டது. ஆக உங்கள் மேக்கும் மின்ட்டும் உள்ளுக்குள் ஒரே பாஷைதான் பேசுகின்றன: ஐபிபி, போர்ட் 631. விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் அது தெரியும். 1020 டிரைவர் மின்ட்டில் மட்டும் இருந்தால் போதும். மற்றவை பக்கத்தை அனுப்பும், மின்ட் வரைந்துகொள்ளும்.

மின்ட்டில் செய்ய வேண்டியது (கட்டளைகள், பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில்):

1. யுஎஸ்பியைச் செருகி பிரிண்டரை ஆன் செய்யுங்கள். டெர்மினலில் "ஹெச்பி-செட்அப்" ஓட்டினால் ஹெச்பிலிப் (ஹெச்பியின் லினக்ஸ் அச்சு மென்பொருள்) பிரிண்டரைக் கண்டுபிடித்து, பிளகின் (கூடுதல் துணைக்கோப்பு) வேண்டுமா என்று கேட்கும். கட்டாயம் வேண்டும், ஃபர்ம்வேர் அதற்குள்தான் இருக்கிறது. பிளகின் பதிப்பும் ஹெச்பிலிப் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். மின்ட்டை அடுத்த பதிப்புக்கு ஏற்றிய மறுநாள் பிரிண்டர் செத்தது போலக் கிடந்தால், "ஹெச்பி-பிளகின்" கட்டளையை மறுபடி ஓட்டுங்கள்.

2. அச்சு வரிசையின் (அதாவது மின்ட்டில் பிரிண்டரின்) பெயரை இடைவெளி இல்லாமல் "ஹெச்பி1020" என்று வையுங்கள். மின்ட்டிலேயே ஒரு சோதனைப் பக்கம் அடித்துப் பாருங்கள். அது வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:631 திறந்து அட்மினிஸ்ட்ரேஷன் பக்கத்தில் "இந்தக் கணினியில் உள்ள பிரிண்டர்களைப் பகிர்" என்பதை டிக் செய்யுங்கள். பிறகு அந்த பிரிண்டரின் சொந்தப் பக்கத்துக்குப் போய், மாடிஃபை செய்யும்போது வரும் "இந்த பிரிண்டரைப் பகிர்" என்பதையும் டிக் செய்யுங்கள். இரண்டும் வேறு வேறு. பலர் முதலாவதோடு நிறுத்திவிட்டு, மேக்கில் தெரியவில்லை என்பார்கள்.

4. ஃபயர்வால் போட்டிருந்தால் டிசிபி 631, யுடிபி 5353 இரண்டையும் திறந்துவிடுங்கள். 5353 மூடியிருந்தால் பிரிண்டர் தானாகக் கண்ணில் படாது.

5. ரூட்டருக்குள் போய் மின்ட் லேப்டாப்புக்கு ஒரு நிலையான ஐபியை ஒதுக்கிவிடுங்கள். ஜியோ ஃபைபர் வீடுகளில் 192.168.29 என்று தொடங்கும், பல ரூட்டர்களில் 192.168.1. இதைச் செய்யாவிட்டால் கரண்ட் போய் வரும்போது ஐபி மாறலாம். மாறினால் விண்டோஸ் பழைய முகவரியையே தேடிக்கொண்டிருக்கும்.

மேக்கில் பழைய பதிவை நீக்கிவிட்டு "பிரிண்டரைச் சேர்" அழுத்தினால் பட்டியலில் வரும். "ஏர்பிரிண்ட்" (தனி டிரைவர் இல்லாமல் அச்சடிக்கும் ஆப்பிளின் முறை) என்று அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும், ஒன்றையும் மாற்ற வேண்டாம். ஆண்ட்ராய்டில் டீஃபால்ட் பிரிண்ட் சர்வீஸ் ஆனில் இருந்தால் போதும்.

விண்டோஸில் பிரிண்டர் சேர்க்கும் இடத்தில் சில வினாடி காத்திருந்தால் "கைமுறையாகச் சேர்" வரும். அதில் "பெயர் கொடுத்துப் பகிரப்பட்ட பிரிண்டரைத் தேர்ந்தெடு" என்ற இடத்தில் எச்டிடிபி://192.168.1.20:631/பிரிண்டர்ஸ்/ஹெச்பி1020 என்ற வடிவில், உங்கள் ஐபியைப் போட்டுக் கொடுங்கள். எச்டிடிபிஎஸ் வேண்டாம், மின்ட் தானே எழுதிக்கொண்ட சான்றிதழை விண்டோஸ் நம்பாது. விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் "இன்டர்நெட் பிரிண்டிங் கிளையண்ட்" டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

டிரைவர் கேட்டால் 1020 டிரைவரைக் கொடுக்காதீர்கள். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கொடுத்தால் விண்டோஸ் ஒருமுறை வரைந்து அனுப்பும், மின்ட்டுக்கு அது புரியாது. வேலை நிராகரிக்கப்படும், அல்லது குப்பை எழுத்தாக வந்து விழும். "ஜெனரிக்" பிரிவில் உள்ள "எம்எஸ் பப்ளிஷர் இமேஜ்செட்டர்" என்ற பொது போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கத்தை விவரிக்கும் பொது மொழி) டிரைவரைக் கொடுங்கள்.

லேப்டாப் மூடியை மூடினால் தூங்கக் கூடாது. மின்ட்டின் பவர் அமைப்பில் "மூடியை மூடும்போது ஒன்றும் செய்யாதே" என்று வையுங்கள்.

தொண்டி_துறைமுகம் பதில்:

பாம்பன் அண்ணன் சொன்ன வழிதான் நல்ல வழி. ஆனால் லேப்டாப்பை ஒரே இடத்தில் கட்டிப்போட முடியாத வீடுகளும் உண்டு. டெஸ்க்டாப்பிலேயே பிரிண்டர் இருக்கட்டும் என்பவர்கள் இதைப் பாருங்கள்.

பாஸ்வேர்டு ஏற்காததற்குக் காரணம் பின் நம்பர். பின் அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து திறக்க மட்டும்தான். நெட்வொர்க் வழியாகச் செல்லாது. மெயில் ஐடியும் வம்பு: எஸ்எம்பி முகவரியில் @ குறி, பயனர் பெயர் முடிந்து கணினி பெயர் தொடங்கும் இடத்தைக் காட்டுவது. மெயில் ஐடிக்குள்ளேயே ஒரு @ இருந்தால் முகவரி நடுவில் உடைந்துபோகும். ஆகவே விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத ஓர் உள்ளூர்ப் பயனரை உருவாக்கி, ஆங்கிலத்தில் எளிய பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். பாஸ்வேர்டைக் காலியாக விட வேண்டாம். காலி பாஸ்வேர்டுக் கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. உங்களுடைய 11 புரோ 24ஹெச்2 பதிப்பாக இருந்தால் கெஸ்ட் வழியும் (பாஸ்வேர்டு இல்லாமல் நுழைவது) மூடப்பட்டிருக்கும். "பாஸ்வேர்டு பாதுகாப்பை அணை" என்று பழைய வீடியோக்களில் சொல்வது இப்போது உதவாது.

வைஃபை "பப்ளிக்" என்று பதிவாகியிருந்தால் "பிரைவேட்" ஆக்குங்கள். டெஸ்க்டாப் தூங்கினால் பிரிண்டரும் தூங்கும். ஸ்லீப்பை "ஒருபோதும் இல்லை" என்று வையுங்கள்.

இத்தனையும் வேண்டாம் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. விண்டோஸ் அம்சங்களில் "எல்பிடி பிரிண்ட் சர்வீஸ்" (பழைய நெட்வொர்க் அச்சு முறை) டிக் செய்து, ஃபயர்வாலில் போர்ட் 515-ஐத் திறந்தால், மின்ட்டில் எல்பிடி://டெஸ்க்டாப் ஐபி/ஷேர் பெயர் என்று சேர்க்கலாம். பாஸ்வேர்டே கேட்காது. அதனாலேயே கதவு திறந்த வீடு மாதிரி அது. வைஃபை பாஸ்வேர்டை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்திருக்கிறவர்கள் செய்ய வேண்டாம். மின்ட்டில் 1020 டிரைவர் வேண்டும், "ஃபூ2இசட்ஜேஎஸ்" தொகுப்பில் இருக்கிறது. ஃபர்ம்வேரை விண்டோஸே ஏற்றிவிடும். போனுக்கு மட்டும் இதிலும் வழியில்லை.

மண்டபம்_கரைவீடு:

மின்ட்டுக்கு மாற்றியாயிற்று. மேக்கில் முதல் தடவையே வந்துவிட்டது, போனிலும் தெரிகிறது. நன்றி அண்ணே. இரண்டு சந்தேகம். விண்டோஸிலிருந்து கொடுத்தால் வேலை போகிறது, ஆனால் பிரிண்டரில் விளக்கு மினுக்கிக்கொண்டே நிற்கிறது, பேப்பரை இழுக்கவில்லை. மதியம் கரண்ட் போய் வந்த பிறகு யார் கொடுத்தாலும் வரவில்லை. மின்ட்டில் பிரிண்டர் "பாஸ்டு" (Paused, நிறுத்தம்) என்று காட்டுகிறது.

பாம்பன்_வடக்குவாடி:

முதலாவது, பேப்பர் அளவு. வந்த வேலை "லெட்டர்" அளவில் இருக்கும், தட்டில் ஏ4 இருக்கும். லெட்டர் தாளைக் கையால் வையுங்கள் என்று பிரிண்டர் காத்துக்கொண்டிருக்கிறது, அதுதான் அந்த மினுக்கல். விண்டோஸில் பிரிண்டிங் பிரிஃபரன்ஸில் ஏ4, மின்ட்டில் செட் டீஃபால்ட் ஆப்ஷன்ஸில் ஏ4, இரண்டு இடத்திலும் மாற்றுங்கள். மேக்கில் "யுஎஸ் லெட்டர்" என்று இருந்தால் அதையும்.

இரண்டாவது, கப்ஸின் பழக்கம். அச்சடிக்கும் நடுவில் பிரிண்டர் காணாமல் போனால், அது வரிசையையே நிறுத்திவிடும். கரண்ட் வந்தாலும் தானாகத் தொடங்காது. இப்போதைக்கு "ரெஸ்யூம் பிரிண்டர்" அழுத்துங்கள். நிரந்தரமாக, அதே செட் டீஃபால்ட் ஆப்ஷன்ஸில் "பாலிசிஸ்" பகுதியில் "எரர் பாலிசி" என்பது "ஸ்டாப்-பிரிண்டர்" என்று இருக்கும், அதை "ரீட்ரை-ஜாப்" என்று மாற்றிவிடுங்கள். நம் பக்கத்து கரண்டுக்கு இந்த ஒரு மாற்றம் இல்லாமல் கப்ஸ் சரிப்படாது.

லேப்டாப் பேட்டரியே மின்ட்டுக்கு யுபிஎஸ். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். ரூட்டருக்குச் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் போதும். லேசர் பிரிண்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். வீட்டில் வைக்கும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். பிரிண்டரின் ஃப்யூசர் (டோனரைத் தாளில் உருக்கி ஒட்டும் பகுதி) சூடேறும் நொடியில் அதற்கு மேல் இழுக்கும், யுபிஎஸ் அலறி அணைந்து ரூட்டரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பிரிண்டர் நேராகச் சுவர் பிளக்கில், எர்த் உள்ள மூன்று முனை சாக்கெட்டில் இருக்கட்டும். கடலோர உப்பு மண்ணில் எர்த் பைப் சீக்கிரம் அரிக்கும். பிரிண்டரின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால், யுஎஸ்பியைச் செருகுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் இல்லாத இரண்டு கருவிகளை யுஎஸ்பி இணைக்கும்போதுதான் போர்ட் போகிறது.

கீழக்கரை_அச்சுமை பதில்:

மென்பொருள் சரியானதும் அடுத்து வம்பு செய்யப்போவது பேப்பர். 1020-ன் தட்டு திறந்த தட்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவு முழுக்க அதில் கிடக்கும் தாள் ஈரத்தை இழுத்து, காலையில் சுருளும், இரண்டிரண்டாகப் போகும், எழுத்து திட்டுத்திட்டாக மங்கும். டோனர் தீர்ந்துவிட்டது என்று நினைத்து 12ஏ கார்ட்ரிட்ஜை மாற்றாதீர்கள். முதலில் புதுக் கட்டு ஒன்றைப் பிரித்து அடித்துப் பாருங்கள். அன்றைக்கு வேண்டிய இருபது முப்பது தாளை மட்டும் வையுங்கள், மீதி மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில். வேலை முடிந்ததும் பிரிண்டர் மேல் ஒரு துணி. ஜன்னல் ஓரம், அதுவும் கடல் பார்த்த ஜன்னல், வேண்டவே வேண்டாம்.

யுஎஸ்பி முனையில் பச்சைப் பூப்பு வந்தால் பிரிண்டர் தோன்றித் தோன்றி மறையும், கப்ஸைக் குறை சொல்வோம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்கள். ஒன்றரை மீட்டர் கேபிள் நல்லது. 5 மீட்டரைத் தாண்டக் கூடாது.

மூன்று சிஸ்டத்திலிருந்தும் தமிழ் அடிப்பவர்களுக்கு இன்னொன்று. விண்டோஸில் நிர்மலா அல்லது லதா எழுத்துருவில் தட்டிய கடிதத்தை மின்ட்டில் திறந்தால் லோஹித்தோ நோட்டோவோ வந்து உட்காரும். வரி நகரும், ஒரு பக்கம் ஒன்றேகால் பக்கம் ஆகும். பாமினியில் அடித்த கல்யாணப் பத்திரிகை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். இது பிரிண்டர் பகிர்வின் கோளாறு இல்லை. எந்தக் கணினியில் தட்டினீர்களோ அதிலேயே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள், எழுத்துரு அதற்குள் போய்விடும். பிறகு எங்கிருந்து அடித்தாலும் எழுத்து மாறாது.

மண்டபம்_கரைவீடு:

ஏ4 மாற்றியதும் விண்டோஸிலிருந்து வந்துவிட்டது. எரர் பாலிசி மாற்றி, வேலை நடக்கும்போதே பிரிண்டர் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. அரை நிமிடத்தில் அதே பக்கம் மறுபடி வந்தது. யுஎஸ்பி முனையில் பச்சை இருக்கத்தான் செய்கிறது, துடைக்கிறேன்.