புதுப்பிப்பு: கார்லோவி வாரி போய் வந்தாச்சு

பிராகிலிருந்து, செக் நாட்டின் வெந்நீர் ஊற்று நகரமான கார்லோவி வாரிக்கு ஒரு நாள் போய் வந்தால் போதுமா, அங்கே ஊற்று நீரைக் குடிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டேன். ஒரு நாள் போதாது, ஒரு ராத்திரியாவது தங்குங்கள்.

தண்ணீரைக் குடித்துப் பார்க்கலாம், ஆனால் கொஞ்சமாக, வயிற்றை இளக்கும். கைப்பிடியே உறிஞ்சுகுழலாக இருக்கும் பீங்கான் குவளை கடைகளில் கிடைக்கிறது. அதில் பிடித்து, தூண் மண்டபத்தில் நடந்துகொண்டே மெதுவாக உறிஞ்ச வேண்டும். முதல் வாய் வெதுவெதுப்பாக, உப்பும் இரும்பும் கலந்த மாதிரி இருந்தது. மூன்றாவது ஊற்றுக்கு வருவதற்குள் நாக்கு பழகிவிட்டது. விரீட்லோ ஊற்று மட்டும் 70 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கப் பீறிடுகிறது, 12 மீட்டர் உயரம் வரை! அந்த ஆவி முகத்தில் பட நின்றதை மறக்கவே முடியாது.

அப்புறம் சாப்பாடு. அப்பளம் போல வட்டமான ஒப்லாட்கி வேஃபரைச் சூடாகவே வாங்குங்கள். நடுவே ஹேசல்நட் பொடி, கடித்தால் நொறுங்கும். உப்புத் தண்ணீருக்கு அதுதான் சரியான ஜோடி. இரவு ஸ்விச்கோவா: க்ரீம் குழம்பில் மாட்டிறைச்சி, தொட்டுக்கொள்ள மெத்தென்ற க்னெட்லீக்கி என்னும் வேகவைத்த மாவுக் கொழுக்கட்டை. குழம்பை வழித்துச் சாப்பிட்டேன்.

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.