கிராம சபைத் தீர்மானம் போட்டா மருத்துவம் உரிமையாகுமா?

பாசிக்காரி:
மண்டபம் பக்கம் கடலோர ஊருங்க. நானும் அம்மாவும் கடல்பாசி எடுக்கப் போறோம். விரல்ல துணி சுத்தித்தான் இறங்குவோம், அப்படியும் முருகைக்கல் கிழிச்சிரும். அம்மாவுக்குச் சர்க்கரை வேற, உப்புத் தண்ணில புண்ணு ஆறவே மாட்டேங்குது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு, வருசம் குடும்பத்துக்கு 5 லட்சம். ஆனா ஆஸ்பத்திரியில படுத்தாத்தானே அது பேசும்? கட்டுப் போடுறது அரசு ஆஸ்பத்திரியில இலவசம்தான். போய்வர ஆட்டோவும் அன்னைக்குக் கூலியும் யார் தருவா? மருத்துவத்தை எல்லாருக்கும் சட்டப்படி உரிமையாக்கணும்னு அக்டோபர் 2 கிராம சபையில எங்க மகளிர் குழு தீர்மானம் கொண்டுவரப் போகுது. அது சென்னை வரைக்கும் எட்டுமா?

ஓய்வுபெற்ற செவிலியர்:
கொண்டுவா தங்கச்சி. ஆனா அந்த ஒரு வரியோட நிறுத்திட்டா கோப்புல தூங்கிரும். துணை சுகாதார நிலையத்துல செவிலியர் என்னென்ன கிழமை இருக்காங்க, நீங்க கரையேறுற நேரம் திறந்திருக்கா, எந்தெந்த மாசம் மாத்திரை வரலைன்னு தேதியோட எழுதுங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்லயே தொடங்கியாச்சு. சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீடு தேடி வரணும். அம்மா பேரு பதிவாயிருக்கான்னு முதல்ல கேளு.

சட்டம் கேட்குறது வீண் ஆசை இல்ல. ராஜஸ்தான்ல மக்கள் அமைப்புகள் விடாம கேட்டு, தனியார் டாக்டர்கள் தெருவுல இறங்கி எதிர்த்தும், 2023 மார்ச்ல சுகாதார உரிமைச் சட்டம் சட்டசபையில நிறைவேறுச்சு. நம்ம தமிழ்நாட்டுல மருந்து கொள்முதலுக்கு 1994லயே தனிக் கழகம் வச்சிருக்கோம், ஊரூருக்கு செவிலியர் இருக்காங்க. அடித்தளம் இருக்குறப்ப உரிமைன்னு எழுதிக் கொடுக்க ஏன் தயங்கணும்?

தொண்டி மச்சான்:
வருமான வரம்பையும் சேர்த்துக்கங்க அக்கா. வருச வருமானம் 1,20,000க்கு மேல போனா காப்பீட்டு அட்டை கிடையாது. விசைப்படகுல போறவன் நான். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் கரையிலதான் கிடக்கேன். ஒரு நல்ல சீசனைப் பார்த்துட்டு வருமானச் சான்றுல கூட்டி எழுதினா என் குடும்பம் வெளிய. எல்லாருக்கும்னா எல்லாருக்கும்தான், வரம்பே வேணாம்.

அப்புறம், ஒரு ஊரு மட்டும் போட்டா எடுபடாது. பாம்பன், தேவிபட்டினம், ஏர்வாடி, எங்க தொண்டி பக்கத்துக் கிராமங்கள்னு ஒரே வாசகத்துல போடணும். நகலை கலெக்டருக்கும் எம்எல்ஏவுக்கும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிருங்க.

பாசிக்காரி:
வரம்பு விசயம் எங்களுக்குத் தோணவே இல்ல தம்பி, சேர்த்துர்றோம். தேவிபட்டினத்துல சின்னம்மா இருக்காங்க, அவங்க குழுகிட்ட இன்னைக்கே பேசுறேன். அக்கா, வாசகத்தை இங்க போட்டா திருத்தித் தருவீங்களா?