மறு: பிள்ளையைப் பார்த்து மதிப்பிடுவதற்கு ஒரு சொல் – ‘பார்த்தறி மதிப்பீடு’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகள் இருக்கும் வகுப்பு. தேர்வு எதுவும் கிடையாது. பிள்ளை விளையாடுவதையும் பேசுவதையும் சாப்பிடுவதையும் சண்டை போடுவதையும் ஆசிரியர் பார்த்து, குறித்து வைத்து, நாலைந்து வாரக் குறிப்புகள் சேர்ந்ததும் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, அடுத்து அதற்கு என்ன கொடுக்கலாம் என்று முடிவு செய்கிறார். இந்த வேலைக்குத்தான் நாம் சொல் தேடுகிறோம். ஆங்கிலத்தில் அப்சர்வேஷன் பேஸ்டு அசெஸ்மென்ட். இந்த இழையில் இதுவரை வந்திருப்பவை உற்றுநோக்கல் அடிப்படையிலான மதிப்பீடு, கூர்நோக்கு மதிப்பீடு, வளர்ச்சிக் கண்காணிப்பு, கண்டறி மதிப்பீடு, அவதானிப்புக் கணிப்பீடு. எல்லாவற்றையும் படித்துவிட்டு, ‘பார்த்தறி மதிப்பீடு’ என்று வைக்கலாம் என்று முன்மொழிகிறேன்.

முதலில், ‘கூர்நோக்கு’ வேண்டவே வேண்டாம். சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் ‘அரசினர் கூர்நோக்கு இல்லம்’ என்றால் குற்ற வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணைக் காலத்தில் தங்க வைக்கும் இடம். நாலு வயதுப் பிள்ளையின் அட்டையில் அந்தச் சொல்லை அச்சடித்து அம்மா கையில் கொடுத்தால், அவர் முதலில் கேட்கப்போவது ‘என் பிள்ளை என்ன தப்பு பண்ணுச்சு?’ என்றுதான்.

‘வளர்ச்சிக் கண்காணிப்பு’ ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்ட சொல். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் பிள்ளையின் எடையும் உயரமும் பார்த்து அட்டையில் குறிப்பதற்கு அதுதான் பெயர். அங்கன்வாடிப் பணியாளரிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் அவர் கை எடைக்கருவியைத்தான் தேடும், தேடுவதுதான் சரியும்கூட. அப்புறம் கண்காணிப்பு என்றால் இன்றைக்கு கேமரா. இலங்கை மலையகத்துத் தோட்டங்களில், தொழிலாளர்களை மேற்பார்த்து வேலை வாங்கிய ‘கங்காணி’ என்ற சொல் எதையெல்லாம் ஞாபகப்படுத்தும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

‘கண்டறி மதிப்பீடு’ என்று எழுதிய நண்பரின் காது நல்ல காது. எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் கண்டறிதல் என்றால் இப்போது நோய், குறைபாடு, அதைக் கண்டுபிடிப்பது என்றே ஆகிவிட்டது. அந்த வேலை தனி. 2013-இல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வந்து வளர்ச்சித் தாமதம் இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் மாவட்ட அளவிலான மையத்துக்கு அனுப்புகிறார்கள். ஆசிரியரின் குறிப்பு அந்தக் குழுவுக்கு உதவலாம், ஆனால் ஆசிரியர் நோய் பெயர் எழுதக்கூடாது. ‘கண்டறி’ என்று பெயர் வைத்தால், பேச்சு கொஞ்சம் தாமதமான பிள்ளையைப் பற்றி வகுப்பிலேயே ஒரு தீர்ப்பு எழுதிவிடும் ஆபத்து உண்டு. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

உண்மையான போட்டி ‘உற்றுநோக்கல்’தான். பி.எட். படித்த எல்லாருக்கும் தெரியும், உளவியல் பாடத்தில் உற்றுநோக்கல் முறை என்று தனித்தலைப்பே உண்டு. ஆய்வு முறைக்கு அது பொருத்தமான சொல், அங்கே அப்படியே இருக்கட்டும். குழந்தை உளவியலாளர் ஆர்னால்டு கெசல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒருபக்கம் மட்டும் தெரியும் திரைக்குப் பின்னால் நின்று பிள்ளைகளைப் பார்க்க ஏற்பாடு செய்தாரே, அது உற்றுநோக்கல். பார்ப்பவர் வெளியே, பிள்ளை உள்ளே. வகுப்பு ஆசிரியர் அப்படியா இருக்கிறார்? பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, ஒருத்திக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, இன்னொருத்தனின் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் பார்க்கிறார். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறில் ஆசிரியர் பயிற்சி தொடங்கினாரே, அவரும் குறுக்கிடாமல் பார்க்கக் கற்றுக்கொள்வதை ஆசிரியரின் முதல் பயிற்சியாகத்தான் வைத்திருந்தார். குறுக்கிடாமல் பார்ப்பது வேறு, விலகி நின்று உற்றுப் பார்ப்பது வேறு. பதிவேட்டின் கட்டத்துக்குள் ‘உற்றுநோக்கல் அடிப்படையிலான மதிப்பீடு’ அடங்கவும் அடங்காது. சுருக்கி ‘உ.அ.ம.’ என்று எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

நாம் பெயர் வைக்கும் வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. நாலரை வயதுப் பெண், முன்னால் எட்டுப் புளியங்கொட்டை. பெரும்பாலான பதிவேடுகளில் பார்க்கிற குறிப்பு இது: ‘நன்றாக எண்ணுகிறாள்.’ இதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதியிருந்தால்? ‘ஒவ்வொரு கொட்டையையும் தொட்டுத் தொட்டு எட்டு வரை எண்ணினாள். எதையும் விடவில்லை, எதையும் இரண்டு தடவை தொடவில்லை. மொத்தம் எத்தனை என்று கேட்டதும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.’ இந்தக் குறிப்பில் ஆசிரியரின் கருத்து ஒரு சொல்கூட இல்லை, ஆனால் எல்லாமே இருக்கிறது. எண்ணுப்பெயர்களின் வரிசை அவளுக்குத் தெரியும், ஒரு பொருளுக்கு ஒரு எண் என்பதும் தெரியும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. உளவியலாளர்கள் கெல்மனும் காலிஸ்டலும் 1978-இல் எண்ணும் திறனைத் தனித்தனிக் கொள்கைகளாகப் பிரித்துக் காட்டியதில் இம்மூன்றும் உண்டு. அடுத்த வாரம் அவளுக்கு என்ன விளையாட்டு கொடுக்க வேண்டும் என்பது இந்த மூன்று வரியிலிருந்தே வந்துவிடுகிறது. இதே பெண்ணிடம் தாளைக் கொடுத்து ‘எண்ணி எழுதுக’ என்றால் கிடைப்பது சரி அல்லது தவறு, அவ்வளவுதான்.

ஆக, பார்ப்பது ஒன்று, பார்த்ததிலிருந்து அறிவது ஒன்று, அறிந்ததை வைத்து மதிப்பிடுவது ஒன்று. மூன்றும் பெயரிலேயே இருந்தால் பயிற்சியில் பாதி வேலை முடிந்தது. பார்த்து + அறி + மதிப்பீடு.

சொல்லின் கட்டுமானமும் புதிது இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2012-13 முதல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது வளரறி மதிப்பீடு (படிக்கும்போதே இடையிடையே மதிப்பிடுவது), தொகுத்தறி மதிப்பீடு (பருவ முடிவில் தொகுத்து மதிப்பிடுவது) என்ற இரண்டும் ஆசிரியர்களின் பேச்சில் கலந்துவிட்டன. ஆங்கிலச் சுருக்கத்தில் எஃப்.ஏ., எஸ்.ஏ. என்று சொல்கிறவர்களும் எழுதும்போது வளரறி, தொகுத்தறி என்றுதான் எழுதுகிறார்கள். தொகுத்தறி எப்படியோ அப்படியே பார்த்தறி. வினைத்தொகையாக நிற்பதால் பார்த்தறிந்த, பார்த்தறிகிற, பார்த்தறியும் என்று மூன்று காலமும் உள்ளே இருக்கிறது. ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை என்பதால் அதுவும் பொருந்துகிறது.

யாழ்ப்பாணத்து நண்பர் ‘அவதானிப்பு’ பற்றி எழுதியிருந்ததை மதிக்கிறேன். இலங்கையில் அது கவனித்துப் பார்ப்பதற்கான அன்றாடச் சொல், தமிழ்நாட்டிலோ அவதானம் என்றதும் அட்டாவதானம்தான் ஞாபகம் வரும். பின்பகுதியிலும் வேறுபாடு இருக்கிறது. அங்கே கணிப்பீடும் மதிப்பீடும் வெவ்வேறு, அசெஸ்மென்டுக்குக் கணிப்பீடு, எவால்யுவேஷனுக்கு மதிப்பீடு. இங்கே இரண்டுக்கும் மதிப்பீடு என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறோம், உண்மையில் அவர்கள் பிரித்ததுதான் துல்லியம். முன்பகுதியைப் பொதுவாக வைத்துக்கொண்டு, முன்பள்ளிக் கையேடுகளில் ‘பார்த்தறி கணிப்பீடு’ என்று அங்கே எழுதட்டும், இங்கே ‘பார்த்தறி மதிப்பீடு’ இருக்கட்டும். இருவருக்கும் புரியும்.

‘பார்த்து மட்டுமா அறிகிறோம், பிள்ளை பேசுவதைக் கேட்கவும் வேண்டாமா?’ என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. மொழி வளர்ச்சியில் முக்கால்வாசி காதால் அறிவதுதான். ஆனால் தமிழில் ‘பார்’ கண்ணோடு நிற்பதில்லை. கேட்டுப் பார், தொட்டுப் பார், பேசிப் பார் என்று எல்லாப் புலனுக்கும் அதுதான் வருகிறது. கேட்டறிந்ததும் உள்ளே அடங்கும் என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

இன்னொன்று கொஞ்சம் சிக்கலானது. மூன்று முதல் எட்டு வயது வரைக்குமான இந்தியாவின் 2022 தேசியக் கலைத்திட்டச் சட்டகம் (எதை, எப்படிக் கற்பிப்பது என்று வழிகாட்டும் ஆவணம்) இந்த நிலைக்கு வெளிப்படையான தேர்வுகள் பொருந்தாது என்று சொல்லிவிட்டு, இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று பிள்ளையைப் பார்ப்பது, இன்னொன்று பிள்ளை செய்த ஓவியம், களிமண் பொம்மை போன்றவற்றை ஆராய்வது. இரண்டாவதும் பார்த்தறி மதிப்பீட்டில் சேருமா? சேரும் என்பேன், ஒரு நிபந்தனையோடு. வரைந்து முடித்த தாளை மட்டும் கோப்பில் போட்டால் அது வெறும் தாள். வரையும்போது பிள்ளை என்ன சொன்னது, எந்தக் கையில் பிடித்தது, எதை அழித்தது என்பதும் தாளின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் அதிலிருந்து எதையாவது அறிய முடியும். பிள்ளை செய்த ஓவியம், பொம்மை போன்றவற்றுக்குக் ‘குழந்தை ஆக்கம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

நியூசிலாந்தில் கல்வியாளர் மார்கரெட் கார் வளர்த்தெடுத்த முறைக்குக் ‘கற்றல் கதை’ என்ற பெயரே போதும். அங்கே பிள்ளை இத்தனையாவது படியில் இருக்கிறது என்ற படிநிலை எண் கிடையாது, பிள்ளை செய்ததை ஆசிரியர் கதையாக எழுதி வீட்டாரோடு பகிர்கிறார். அமெரிக்காவின் ஹைஸ்கோப் என்ற முன்பள்ளி முறையில் குறிப்பு எழுதி, அதைப் படிநிலையில் பொருத்துகிறார்கள். இரண்டுமே பார்த்தறி மதிப்பீட்டின் வகைகள். எனக்குக் கற்றல் கதை மேல் சாய்வு அதிகம் என்றாலும், ஒரே பணியாளர் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சமையலையும் கணக்கையும் கவனிக்கிற மையத்தில் மூன்று வரிக் குறிப்புதான் நடக்கும்.

இதோடு சேர்த்து இன்னொரு சொல்லையும் தீர்த்துவிடலாம். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்டன் 1932-இல் பிள்ளைகள் விளையாட்டில் கலந்துகொள்ளும் விதங்களை ஆறாகப் பிரித்தார். அதில் ஒன்று, கூட விளையாடாமல் மற்றவர்கள் விளையாடுவதையே பார்த்துக்கொண்டிருப்பது. ‘பார்வையாளர் விளையாட்டு’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள், ஒட்டவில்லை. நம்மிடம் ‘வேடிக்கை பார்த்தல்’ இருக்கிறது, அதையே வைக்கலாம். பதிவேட்டில் ‘வேடிக்கை பார்க்கிறான்’ என்று குறையாக எழுதுவது நிற்க வேண்டும் என்பதற்காகவே அதை வளர்ச்சி அட்டவணையில் ஏற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். வேடிக்கை பார்க்கிற பிள்ளை விளையாட்டின் விதியைக் கற்றுக்கொண்டிருக்கலாம்.

மீதி இருப்பவை: குறிப்பிட்ட நேர இடைவெளியில் பார்த்துக் குறிப்பதற்கும், குறிப்பிட்ட நடத்தை வரும்போதெல்லாம் குறிப்பதற்கும் தனித்தனிச் சொல் வேண்டும். நேரமுறைக் குறிப்பு, நிகழ்வுமுறைக் குறிப்பு என்று எழுதி வைத்திருக்கிறேன், இரண்டாவதில் எனக்கே நிறைவு இல்லை. வகுப்பில் இருப்பவர்கள் வாயில் என்ன சொல் வருகிறதோ அதைச் சொல்லுங்கள், அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.