6.6 கோடி டாலருக்கு விற்ற அலைக்கற்றை: வாஷிங்டன் ஸ்பானிஷ் டிவிக்கு லாபமா, நஷ்டமா?

முகிலன்:
அமெரிக்கத் தலைநகர் வட்டாரத்தில் டெலிமுண்டோ என்ற ஸ்பானிஷ் மொழி நெட்வொர்க்கை ஒளிபரப்பும் டபிள்யூஇசட்டிசி, சிறிய பரப்புக்கு மட்டும் எட்டும் குறைந்த சக்தி நிலையமாக வளர்ந்தது. ஆரம்பப் பெயர் டபிள்யூ64பிடபிள்யூ. நடுவில் நிற்பது சேனல் எண். இந்த வகை உரிமத்தை அமெரிக்க ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி 1982இல் கொண்டுவந்தபோதே இரண்டாந்தர இடம்தான் கொடுத்தது. பெரிய நிலையம் அந்தச் சேனலைக் கேட்டால் சின்னவர் காலி செய்தாக வேண்டும். 64ஐ விட்டு 25க்கு வந்து தாக்குப்பிடித்த நிலையம் இது. செல்பேசி சேவைக்குக் கொடுப்பதற்காக நிலையங்களிடமிருந்து அலைக்கற்றையை எஃப்சிசி திரும்ப வாங்கிய ஏலம் 2017இல் முடிந்தது. அதில் உரிமையாளரான இசட்ஜிஎஸ் நிறுவனம் அதன் அலைக்கற்றையைச் சுமார் 6.6 கோடி டாலருக்கு விட்டுக்கொடுத்தது. மறு வருடமே நிலையம், டெலிமுண்டோ, என்பிசி இரண்டுக்கும் சொந்தக்காரரான என்பிசியூனிவர்சல் கைக்குப் போனது. ஒரு சமூகத்தின் குரலை விலைபேசிவிட்டார்கள் என்றுதான் சொல்வேன்.

செல்வி (மேரிலாந்து):
முகிலன், பார்க்கிறவர்கள் பக்கமிருந்து யோசியுங்கள். டிவிக்கான யுஹெச்எஃப் அலைவரிசையில் டிஜிட்டல் ஒளிபரப்பு செய்யும் குறைந்த சக்தி நிலையத்துக்கு உச்சவரம்பு 15 கிலோவாட். முழு சக்தி நிலையத்துக்கு 1000. எங்கள் மேரிலாந்தின் லாங்லி பார்க் பக்கம் அடுக்குமாடிகளில் சால்வடோர், குவாத்தமாலா குடும்பங்கள் நிறைய. கேபிளுக்குக் காசு கட்டாமல் ஜன்னலோரம் சின்ன ஆன்டெனா வைத்துப் பார்ப்பவர்களுக்குச் சிக்னல் வந்தால்தானே குரல்? ஏலத்துக்குப் பிறகு இது என்பிசியின் சேனல் 4 டிரான்ஸ்மிட்டரைப் பகிர்ந்துகொண்டு 'டெலிமுண்டோ 44' ஆகத் தெரிகிறது. முன்பு எட்டாத வீடுகளுக்கும் இப்போது எட்டுகிறது.

முகிலன்:
எட்டுவது சரி, யார் பேசுகிறார்கள் என்பதும் முக்கியம் இல்லையா? 1991 மே மாதம் வாஷிங்டனின் மவுண்ட் பிளசன்ட் பகுதியில் சால்வடோர்காரர் ஒருவரைப் போலீஸ் சுட்டதும் கலவரம் வெடித்தது. அந்த நகரப் போலீசில் ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பது அன்றைய பெரிய மனக்குறை. அப்படிப்பட்ட ஊரில் உள்ளூர் உரிமையாளர் கையில் ஒரு செய்தி அறை இருப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. இன்று 4ம் 44ம் ஒரே முதலாளிக்குச் சொந்தம். சேனல் 4 ஒரு செய்தியைக் கண்டுகொள்ளாவிட்டால் 44 துணிந்து எடுக்குமா?

பாஸ்கர்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஏலத்தில் கலந்துகொள்ள இந்த நிலையத்தால் முடிந்ததே அதற்கு 'கிளாஸ் ஏ' தகுதி இருந்ததால்தான். பெரிய நிலையங்கள் எளிதில் காலி செய்ய வைக்க முடியாதபடி 1999 சட்டம் கொடுத்த பாதுகாப்பு அது. பதிலுக்கு தினம் 18 மணி நேரம் ஒளிபரப்ப வேண்டும், வாரம் சராசரியாக 3 மணி நேரம் உள்ளூர் நிகழ்ச்சி தர வேண்டும். அந்தத் தகுதி இல்லாத சாதாரண குறைந்த சக்தி நிலையங்கள் ஏலத்தில் நுழையவே முடியவில்லை. 38 முதல் 51 வரை சேனல்கள் செல்பேசி சேவைக்குப் போனதும் வேறு இடம் தேடி அலைந்தார்கள். இடம்பெயரும் செலவுக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியதே 2018இல்தான். அநியாயம் நடந்தது அவர்களுக்கு.

செல்வி:
பாஸ்கர் சார் சொன்னதை வைத்தே கேட்கிறேன். கிளாஸ் ஏ உரிமம் இன்றும் டபிள்யூஇசட்டிசியிடம் இருக்கிறது. அலைக்கற்றை போனாலும் உள்ளூர் நிகழ்ச்சிக் கடமை போகவில்லை. பிறகு எதை விற்றார்கள்?

முகிலன்:
வாரம் 3 மணி நேரம் என்பது கீழ்வரம்பு, செல்வி. அதற்கு மேல் எவ்வளவு, எந்தச் செய்தி என்பதை முடிவு செய்யும் நாற்காலி கைமாறிவிட்டது. விற்றது அதைத்தான்.