புதுப்பிப்பு: கூடுவாஞ்சேரியில் வீடு அமைந்துவிட்டது

45 லட்சத்துக்குள் சென்னைப் புறநகரில் புது அடுக்ககம் கிடைக்குமா என்று மூன்று மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். முன்பணம் கொடுப்பதற்கு முன் நிறைவுச் சான்றிதழை (அனுமதித்தபடி கட்டி முடித்ததற்கான அரசுச் சான்று) கேளுங்கள் என்று எழுதினார் அண்ணன் ஒருவர். அந்த ஒரு சொல் எங்களைக் காப்பாற்றியது.

ஊரப்பாக்கத்தில் முதலில் பார்த்த வீட்டை விட்டுவிட்டோம். விளம்பரத்தில் 950 சதுர அடி. நானும் மனைவியும் டேப் பிடித்து அளந்தபோது சுவர்களுக்குள் 640தான். நிறைவுச் சான்றிதழைக் கேட்டதற்கு, "வந்துவிடும் சார்" என்ற பதில் மட்டுமே கிடைத்தது.

பிறகு கூடுவாஞ்சேரியில், ரயில் நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடையில், 41 லட்சத்துக்கு ஒன்று அமைந்தது. கட்டி முடித்து நிறைவுச் சான்றிதழ் பெற்ற வீடு என்பதால் ஜிஎஸ்டி இல்லை. 50 லட்சம் வரையுள்ள புது அடுக்ககத்தின் முதல் விற்பனைக்கு முத்திரைத்தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், எங்களுக்கு 2.46 லட்சம் ஆனது. 30 ஆண்டு வில்லங்கச் சான்றை (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) வழக்கறிஞர் வரி வரியாகப் பார்த்தார். கனமழைக்கு மறுநாள் போய்த் தெருவைப் பார்த்தோம், தண்ணீர் தேங்கவில்லை. அம்மாவுக்கு அப்போதுதான் மனம் ஒப்பியது.

கார் நிறுத்த இடம் இல்லை, இருசக்கர வண்டிக்கு மட்டும்தான். தை பிறந்ததும் பால் காய்ச்சுகிறோம்.