அந்த 7,000 டாலரை இன்னும் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்?

ஒலிக்காரன்:
"கையில் ஒரு செல்பேசியும் நம்பிக்கையான நான்கு நண்பர்களும் இருந்தால் முழுநீளப் படம் எடுத்துவிடலாம், 1992இல் அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரொட்ரிகஸ் வெறும் 7,000 டாலரில் 'எல் மரியாச்சி'யை முடிக்கவில்லையா?" என்று நண்பர் முதல்பிரதி நேற்று எழுதியிருந்ததைப் படித்தேன். முதல் படம் எடுக்கக் கிளம்பும் ஒவ்வொருவரின் காதிலும் இந்த எண்ணை ஓதிவிடுகிறார்கள். திரையரங்கில் மக்கள் பார்த்தது 7,000 டாலர் படம் அல்ல. கொலம்பியா என்ற பட நிறுவனம் வாங்கிய பிறகுதான் 16 மி.மீ. நெகட்டிவ் திரையரங்குக்கு ஏற்ற 35 மி.மீ.க்கு மாற்றப்பட்டது, ஒலி முழுவதும் புதிதாக மிக்ஸிங் செய்யப்பட்டது, அதற்கு ஆன செலவு 7,000 டாலரைப் போலப் பல மடங்கு. ரொட்ரிகஸ் இதை மறைத்தவர் அல்லர். 1995இல் வெளியான தம் நூலில் நடந்ததையெல்லாம் நாட்குறிப்பாகவே எழுதியிருக்கிறார். எண்ணை மட்டும் பிய்த்தெடுத்து ஊருக்கெல்லாம் விநியோகிப்பவர்கள்தான் மறைக்கிறார்கள்.

முதல்பிரதி:
என் பெயரைச் சொல்லித் தொடங்கியதற்கு நன்றி. 7,000 டாலர் என்பது சரியான எண்தான். ரொட்ரிகஸ் அந்தப் படத்தைத் திரையரங்குக்காக எடுக்கவே இல்லை. ஸ்பானிய மொழி வீடியோ சந்தைக்கு விற்கலாம் என்றுதான் எடுத்தார். நெகட்டிவை வீடியோவுக்கு மாற்றி, வீடியோவிலேயே தொகுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை உட்கார்ந்து பார்க்கக்கூடிய ஒரு முழுப்படத்தை அவர் கையில் வைத்திருந்தார், அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் நிறுவனமும் வந்தது. அதன் பிறகு அவர்கள் செய்த செலவு அவர்களுடைய வியாபாரத்துக்கான செலவு. வீட்டை வாங்கியவன் வெள்ளையடித்த கணக்கைக் கட்டியவன் தலையில் எழுதுவது என்ன நியாயம்?

அதைவிட முக்கியம், அவர் எப்படி எடுத்தார் என்பது. கேமரா இரவல். அது ஒலியைச் சேர்த்துப் பதியாத கேமரா. ஆகவே ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் நடிகர்களை அதே இடத்தில் நிறுத்தி, அதே மூச்சில் வசனத்தைத் திரும்பச் சொல்லவைத்து, சாதாரண டேப் ரெக்கார்டரில் பதிந்துகொண்டார். பிறகு அதை உதட்டசைவோடு கையால் பொருத்தினார். உதடு விலகத் தொடங்கும் இடத்தில் வேறொரு ஷாட்டுக்கு வெட்டினார். அந்தப் படத்தின் வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம். கேமராவை நகர்த்த டிராலி இல்லை என்று சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தார். பணத்தின் ஒரு பகுதியை மருந்துப் பரிசோதனைக்குத் தன் உடலைக் கொடுத்துச் சம்பாதித்தார். இத்தனையும் தெரிந்த பிறகும் ஒருவர் எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார் என்றால், அவருக்குப் படம் எடுக்கும் எண்ணம் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஒலிக்காரன்:
என் எண்ணத்தை நீங்கள் அளக்க வேண்டாம். நீங்கள் எழுதியதே என் தரப்பு வாதம். கேமரா இரவல், அதனால் கணக்கில் இல்லை. எழுதியவர், இயக்கியவர், ஒளிப்பதிவு செய்தவர், தொகுத்தவர் எல்லாம் ஒரே ஆள், அதனால் அவருடைய உழைப்பும் கணக்கில் இல்லை. அதற்கு முன் பல ஆண்டுகள் வீட்டு வீடியோக்களாக எடுத்துக் கை பழகியதும், குறும்படத்துக்காகப் பரிசு வாங்கியதும் கணக்கில் இல்லை. இவையெல்லாம் இல்லாத ஒருவரிடம் போய் 7,000 டாலர் போதும் என்கிறீர்கள்.

ஒலியைப் பற்றி நீங்கள் இவ்வளவு லேசாகப் பேசுவதால் சொல்கிறேன். சமையலறையில் இருவர் பேசும் காட்சி. முதல் ஷாட் எடுக்கும்போது குளிர்சாதனப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. எதிரில் இருப்பவரைக் காட்டும் எதிர்ஷாட் எடுக்கும்போது அது தானாக நின்றுவிட்டது. தொகுப்பு மேசையில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தால், ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் இரைச்சல் வந்து வந்து போகும். பார்ப்பவருக்கு என்ன கோளாறு என்று தெரியாது. ஆனால் படம் பொய்யாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பெட்டியை அணைத்துவிட்டு, அணைத்தவர் தம் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட்டால் மீண்டும் போட மறக்க மாட்டார். காட்சி முடிந்ததும் எல்லோரையும் அரை நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்லி அந்த அறையின் வெறும் ஒலியை, அதாவது ரூம் டோனை, பதிந்துகொண்டால் வெட்டுகளின் இடைவெளியை அதைக்கொண்டு நிரப்பலாம். இதற்கெல்லாம் பணம் வேண்டாம், இதைத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். உங்கள் 7,000 டாலரில் அவருக்கு இடம் எங்கே?

வாரக்கடைசி:
இருவரும் ஒரே படத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். கிறிஸ்டோபர் நோலனின் முதல் படமான 'ஃபாலோயிங்' 1998இல் வந்தது; அதற்கு ஆனது ஏறத்தாழ 6,000 டாலர். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் சனிக்கிழமைகளில் மட்டும், ஏறக்குறைய ஓராண்டு எடுத்தார்கள். பெரிய செலவு ஃபிலிமுக்குத்தான். ஆகவே முழுப்படத்தையும் நாடகம்போல ஒத்திகை பார்த்துவிட்டு, ஓரிரு டேக்கிலேயே முடித்தார்கள். விளக்குக்குச் செலவில்லாமல் சன்னல் வெளிச்சத்தையே நம்பிக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். ஒத்திகைக்குச் செலவு கிடையாது. இன்று ஃபிலிம் செலவே இல்லாத காலத்தில் நாம் ஒத்திகையையும் விட்டுவிட்டு நாற்பது டேக் எடுக்கிறோம், பிறகு தொகுப்பறையில் அழுகிறோம்.

ஒலிக்காரன்:
அந்தப் படத்துக்கும் கடைசிக் கட்டத்தில் பணம் தந்து கரை சேர்த்தது நெக்ஸ்ட் வேவ் ஃபிலிம்ஸ் என்ற நிறுவனம். மீண்டும் அதே கதைதான். எடுத்ததற்கான செலவைச் சொல்வார்கள், முடித்ததற்கான செலவைச் சொல்ல மாட்டார்கள். ஓராண்டு வாரக்கடைசிகளில் எடுத்தால் நடிகரின் தலைமுடி மாறும், உடம்பு மாறும், சம்பளம் வாங்காத நடிகருக்குச் சம்பளம் தரும் வேலை வந்தால் அவர் போய்விடுவார். நோலனின் நடிகர்கள் போகவில்லை என்பதற்காக உங்கள் நடிகரும் போக மாட்டார் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அளவுகோல்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். படப்பிடிப்பு முடியும் வரை ஆன பணம், முதல் திரையிடலுக்குத் தயாராகும் வரை ஆன பணம், விநியோகஸ்தர் கேட்பதையெல்லாம் ஒப்படைக்கும் வரை ஆன பணம் என்று மூன்று கணக்குகள் இருக்கின்றன. இவற்றில் எதைச் செலவு என்கிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் இந்த வாதம் பாதியாகக் குறையும் அல்லவா?

முதல்பிரதி:
7,000 டாலர் ஒன்றும் தனி அதிசயம் அல்ல என்பதற்கு இன்னொரு சான்று தருகிறேன். ஷேன் கரூத்தின் 'ப்ரைமர்'. அதுவும் 7,000 டாலர்தான். எழுத்து, இயக்கம், நடிப்பு, தொகுப்பு, இசை எல்லாம் அவரே. 2004இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவின் நடுவர் குழுப் பெரும்பரிசு அதற்குக் கிடைத்தது. அங்கே எந்த நடுவரும் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலைப் பற்றிக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒலிக்காரன்:
மறுபடியும் 7,000. அந்த எண்ணுக்கு அடுத்த வரியில் "ஒரே மனிதர் ஐந்து வேலை பார்த்தார்" என்று நீங்களே எழுதுகிறீர்கள், எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போய்விடுகிறீர்கள். ஐந்து பேரின் கூலி அங்கே விழுங்கப்பட்டிருக்கிறது. அது அவருடைய கூலி, அவர் விழுங்கலாம். நீங்கள் விழுங்கச் சொல்வது மற்றவர்களின் கூலியை.

தொகுப்பறை:
கூலிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். முன்பொரு முறை இதே இடத்தில், "படம் விற்றதும் பங்கு தருகிறேன் என்று சொல்லி ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஆலோசனை சொன்னவர் முதல்பிரதி. நான் மறக்கவில்லை. அப்படி ஒரு வாய்ச்சொல்லை நம்பி ஒரு முதல் பட இயக்குநருக்காகப் பல மாதங்கள் தொகுத்தேன். எண்ணற்ற டேக்குகள், படத்தையும் ஒலியையும் பொருத்த உதவும் கிளாப் ஒன்றிலும் இல்லை, கோப்புகளுக்குப் பெயர் இல்லை. ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு வசனத்தைக் கண்டுபிடித்துப் படத்தோடு பொருத்தினேன். விழாப் பட்டியலில் படத்தின் பெயர் வந்தது, எனக்கு வந்த தகவல் அவ்வளவுதான். பங்கு என்றால் எதில் பங்கு, மொத்த வசூலிலா, செலவு போக மிஞ்சுவதிலா, யாருக்கு முதலில் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். அதற்கும் பணம் வேண்டாம். அதைச் சொல்லித்தர முதல்பிரதிக்கு மனம் வரவில்லை.

முதல்பிரதி:
உங்களை ஏமாற்றியவர் நான் அல்லன். அந்தக் கோபத்தை இங்கே கொட்டுவது முறையல்ல. எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு. நான் ஒரு முழுநீளப் படத்தை எடுத்து முடித்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன். ஒலிக்காரன் இயக்கிய படம் எது என்று யாராவது சொல்ல முடியுமா?

தொகுப்பறை:
எழுதி வாங்குவது வேலை செய்பவரின் பொறுப்பு என்று நீங்கள் எழுதியதைச் சேமித்து வைத்திருக்கிறேன்.

வாரக்கடைசி:
திரைக்கதையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. 1994இல் வெளியான 'கிளர்க்ஸ்' படத்தைக் கெவின் ஸ்மித் 27,575 டாலரில் எடுத்தார். பகலில் தான் வேலை பார்த்த கடையிலேயே, கடை மூடிய பிறகு இரவில் படப்பிடிப்பு. கதையோ பகலில் நடக்கிறது. என்ன செய்தார்? பூட்டில் யாரோ சூயிங்கம்மை அடைத்துவிட்டதால் கடையின் ஷட்டர் திறக்கவில்லை என்று கதையிலேயே எழுதிவிட்டார். வெளியே இருட்டு என்பது கடைசி வரை யாருக்கும் தெரியாது. கையில் என்ன இடம் இருக்கிறது, யார் வருவார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள் என்று பட்டியல் போட்டுவிட்டு அதற்குள் கதை எழுதுபவர் பிழைத்துக்கொள்வார். கதையை எழுதிவிட்டு அதற்கேற்ற மழையையும் கூட்டத்தையும் தேடுபவர் பாதியில் நிற்பார்.

ஒலிக்காரன்:
27,575. சில்லறை வரை சொல்கிறார்கள் பாருங்கள், அங்கே யாரோ ரசீதுகளை எடுத்துவைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. 7,000 என்று உருண்டையாகச் சொல்லும்போதுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

முதல்பிரதி:
ரொட்ரிகஸின் கணக்கும் 7,225 டாலர் என்றுதான் பதிவாகியிருக்கிறது. பேச்சு வழக்கில் 7,000 என்கிறோம்.

ஒலிக்காரன்:
ஆக, 7,000 இல்லை என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

முதல்பிரதி:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 225 டாலரைப் பிடித்துக்கொண்டு வெற்றி விழா கொண்டாட வேண்டாம். செல்பேசியைப் பற்றி நான் சொன்னதற்கு உங்களிடம் பதில் இல்லை. 2015இல் வெளியான 'டேன்ஜரின்' ஐபோன் 5எஸ்ஸில் எடுக்கப்பட்டதா இல்லையா?

ஒலிக்காரன்:
எடுக்கப்பட்டது. அது ஷான் பேக்கரின் முதல் படம் அல்ல, அதற்கு முன்பே பல படங்கள் எடுத்தவர். செலவு ஏறத்தாழ 1,00,000 டாலர். செல்பேசியின் முன்னால் அகன்ற திரைக்கான தனி அனமார்ஃபிக் லென்ஸ் பொருத்தினார்கள். ஒலியைச் செல்பேசியில் பதியவில்லை. தனி ஒலிப்பதிவாளர், தனிக் கருவிகள், தனி மைக்குகள். கேமராவில் மிச்சம் பிடித்தவர்கள்கூட ஒலியில் மிச்சம் பிடிக்கவில்லை என்பதைத்தான் நான் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முடிக்கும் செலவு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். சார்லஸ் பர்னெட் 1970களில் மாணவராக இருந்தபோது 10,000 டாலருக்கும் குறைவான செலவில் 'கில்லர் ஆஃப் ஷீப்' என்ற படத்தை எடுத்தார். அருமையான பாடல்களைப் படத்தில் வைத்தார், உரிமை வாங்கவில்லை. அந்த உரிமைச் சிக்கல் தீர்ந்து அது முறையாகத் திரையரங்குக்கு வந்தது 2007இல். இடையில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. உரிமைக்குக் கொடுத்தது 1,50,000 டாலர் என்கிறார்கள், படத்தின் செலவைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். முதல் படத்தில் ஒரு பாட்டை வைக்கும்போது இசையமைப்பின் உரிமை ஒருவரிடமும், ஒலிப்பதிவின் உரிமை வேறொருவரிடமும் இருக்கும். இரண்டையும் வாங்க வேண்டும். விழாவுக்கு மட்டும் என்று மலிவாக வாங்கினால், படம் விற்கும் நாளில் மீண்டும் வாங்க வேண்டும். நடித்தவர், இடம் கொடுத்தவர், இசையமைத்தவர் அனைவரிடமும் எழுத்தில் சம்மதம் இல்லையென்றால் வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

அளவுகோல்:
இது மூன்றாவது கணக்கு. முதல்பிரதி பேசுவது இரண்டாவது கணக்கு. நான் கேட்டது இதைத்தான்.

முதல்பிரதி:
பாடல் உரிமைக்கும் 7,000 டாலருக்கும் என்ன தொடர்பு? எங்கே தோற்கிறீர்களோ அங்கிருந்து வேறு படத்துக்குத் தாவுகிறீர்கள். முழுப்படம் ஒன்று வீடியோவில் இருந்தது. அதற்கு 7,000 டாலர்தான் ஆனது. இதற்கு நேரடியாக மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

ஒலிக்காரன்:
1993இல் சன்டான்ஸில் பார்வையாளர் விருது வாங்கியது அந்த வீடியோ அல்ல. மக்கள் கைதட்டியது 35 மி.மீ. பிரதிக்கும் அதற்கென்று மறுபடி கட்டப்பட்ட ஒலிக்கும். இதற்கு நேரடியாக மறுப்பு இருந்தால் நீங்கள் எழுதுங்கள்.

வாரக்கடைசி:
ஒத்திகையைப் பற்றி நான் எழுதியதற்கு இதுவரை ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை.

தொகுப்பறை:
முதல்பிரதி அவர்களே, உங்கள் முழுநீளப் படத்தின் ஒலிப்பதிவாளருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும் 7,000 டாலர் கணக்கோடு சேர்த்து எழுதிவிடுங்கள்.

முதல்பிரதி:
அது எனக்கும் அவருக்கும் இடையிலான விஷயம். மேலும் அது 7,225, ஒலிக்காரன் விரும்பினால் அப்படியே எழுதிக்கொள்ளட்டும்.